தேருக்கு ஸ்டீயரிங் எங்கே?

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். வெளியூரிலிருந்து வந்திருந்த என் வகுப்பு நண்பனைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போனேன். மாட வீதியின் ஒரு மூலையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பெரிய தேர் ஆடி அசைந்து வந்து, மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, அடுத்த வீதிக்குள் போனது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவன் என் காதில் கேட்டான்: "ஏன்டா, இதுக்கு ஸ்டீயரிங் எங்க இருக்கு?"

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். என்னிடம் பதில் இல்லை! "வடம் பிடிச்சு இழுக்கறாங்கல்ல, அதுலயே திரும்பிடும்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் தேரிலிருந்து குதிரை வண்டிக்கும், அங்கிருந்து காருக்கும் போய்ச் சேர்ந்தேன். நான் படிப்பது பி.காம்., மெக்கானிக்கல் அல்ல. ஆகவே எனக்குப் புரிந்த அளவில், எல்லோருக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

தேர் எப்படித் திரும்புகிறது?

திருவண்ணாமலையில் ஏழாம் நாள் மகா ரதம். விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். ஒன்று சுற்றி வந்து நிலைக்கு நின்ற பிறகுதான் அடுத்தது கிளம்பும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுக்கு. காலையில் தொடங்கினால் முடிய நள்ளிரவாகிவிடும்.

இதில் பெரிய தேரின் அடிப்பாகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அச்சு அடிச்சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. முன் சக்கரமும் பின் சக்கரமும் நேராக மட்டுமே உருளும். சக்கரத்தை இடமோ வலமோ திருப்பும் எந்த ஏற்பாடும் கிடையாது. அப்படியானால் எப்படித் திரும்புகிறது?

பதில் தரையில் இருக்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்து வருகிறார்களே சிலர், கையில் ஆப்பு வடிவ மரக்கட்டையோடு? அவர்கள்தான் ஸ்டீயரிங்.

இந்தக் கட்டைகளுக்கு இரண்டு வேலை. சக்கரத்துக்கு முன்னால் நேராகப் போட்டால் தேர் நிற்கும். இது முட்டுக்கட்டை. சாய்வாகப் போட்டால் சக்கரம் அதில் உரசி, சறுக்கி, கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். இது சறுக்குக்கட்டை. தெற்கே திருநெல்வேலி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்த வேலையைத் "தடி போடுவது" என்பார்கள்.

வீதி நேராக இருந்தால் சின்னச் சின்ன விலகல்களைச் சரிசெய்தால் போதும். மூலையில்தான் சோதனை. கோயிலை வலம் வருவதால் நம் தேர் ஒரு சுற்றில் நான்கு மூலைகளிலும் வலப்பக்கமே திரும்ப வேண்டும். வலப்பக்கச் சக்கரங்களைக் கட்டை போட்டு அடக்குகிறார்கள். வடத்தைப் புதிய வீதியின் பக்கமாக இழுக்கிறார்கள். வலப்பக்கம் தடுக்கப்பட, இடப்பக்கம் முன்னேற, தேர் ஒரு முழம் முகம் திருப்புகிறது. மறுபடி கட்டை, மறுபடி இழுப்பு. அப்படியே தொண்ணூறு பாகையும் துண்டு துண்டாகத் திரும்பி முடிகிறது.

யாருக்காவது இடைஞ்சல் செய்வதைத்தான் "முட்டுக்கட்டை போடுறான்" என்கிறோம். ஆனால் முட்டுக்கட்டை மட்டும் இல்லையென்றால் தேர் தேரடி வீதியின் கோடியில் இருக்கும் கடைகளுக்குள் நேராகப் போய்விடும். தடுப்பதும் ஒருவகையில் வழிகாட்டுவதுதான் போலிருக்கிறது.

திருவாரூர் ஆழித்தேர் இன்னும் பெரியது. அலங்காரம் எல்லாம் செய்த பிறகு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அந்தத் தேரை மூலையில் திருப்பும்போது சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போட்டு வழுக்க விடுகிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் வந்தது, இரும்புச் சக்கரம் வந்தது, பின்னால் தள்ள இயந்திரம் வந்தது. ஆனால் ஸ்டீயரிங் வரவில்லை. திருப்பும் வேலை இன்றைக்கும் கட்டையிடமும் மனிதரிடமும்தான் இருக்கிறது.

உண்மையான சிக்கல் என்ன?

ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது அதன் சக்கரங்கள் எல்லாம் ஒரே தூரம் ஓடுவதில்லை. பள்ளியில் அணிவகுப்பு நடந்திருப்பீர்கள். வரிசை வளையும்போது உள்பக்கம் இருப்பவன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான், வெளிப்பக்கம் இருப்பவன் ஓட வேண்டியிருக்கும். அதே கதைதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்ன கார் ஒன்று. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர், இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் வளைகிறது. உள்பக்கப் பின் சக்கரத்தின் வட்டம் 4.3 மீட்டர் ஆரம். வெளிப்பக்கச் சக்கரத்துக்கு 5.7 மீட்டர். கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் 2.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும்.

அதைவிட முக்கியமானது முன் சக்கரங்களின் கோணம். ஒவ்வொரு சக்கரமும் தன் வட்டத்துக்குத் தொடுகோடாக நின்றால்தான் வழுக்காமல் உருளும். எங்கள் கணக்கில் உள்பக்க முன் சக்கரம் சுமார் 29 பாகை திரும்ப வேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் சுமார் 23 பாகைதான். இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஒன்று உருளும், மற்றது தரையில் தேயும். டயர் சீக்கிரம் போய்விடும், வண்டியும் திமிறும்.

தேரில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வே கிடையாது. சக்கரம் தேயட்டும், வழுக்கட்டும் என்று விட்டுவிட்டு, வழுக்குவதைக் கட்டையால் கட்டுப்படுத்துகிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் ஓடும் தேருக்கு அது போதும். தினமும் ஓடும் வண்டிக்கு?

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்

நம் மாட்டு வண்டிக்கு இந்தத் தலைவலியே இல்லை. இரண்டே சக்கரம், ஒரே அச்சு. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பிவிடும். நான்கு சக்கரம் வரும்போதுதான் பிரச்சினை வருகிறது.

ஐரோப்பாவில் நான்கு சக்கரக் குதிரை வண்டிகளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முன் அச்சை முழுதாக நடுவில் ஒரே ஆணியில் மாட்டிவிடுவது. குதிரை திரும்பினால் அச்சும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து திரும்பும். எளிமைதான். ஆனால் குறைகள் உண்டு. திரும்பும்போது சக்கரம் வண்டியின் வயிற்றுக்கு அடியில் போக வேண்டும், அதனால் முன் சக்கரம் சின்னதாக இருக்க வேண்டும். அச்சு ரொம்பத் திரும்பிவிட்டால் வண்டியை முன்னால் தாங்கும் இடம் குறுகி, குடை சாயும் ஆபத்து. மூன்றாவது குறைதான் பின்னால் காருக்கு எமனாக வந்தது. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி முழு அச்சையும் நடு ஆணியைச் சுற்றித் திருப்பப் பார்க்கும். பாதி அச்சு நீளமே அதற்கு நெம்புகோல். குதிரைகள் இருந்தவரை அவை அதைத் தாங்கிக்கொண்டன.

1759 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் இதற்கு மாற்று யோசித்தார். பெயர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா! அச்சு அசையாமல் இருக்கட்டும், முன் சக்கரங்கள் மட்டும் தனித்தனியாகத் தத்தம் முளையில் திரும்பட்டும் என்பது அவர் யோசனை. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யோசனை அப்படியே கிடந்தது.

அதே வழியை மீண்டும் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டிக்கொண்டிருந்த கேயோர்க் லாங்கன்ஸ்பெர்கர். காலம் 1817 வாக்கில். இங்கிலாந்தில் அவருக்காகக் காப்புரிமை எடுத்துக் கொடுத்தவர் லண்டனில் புத்தகமும் படங்களும் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்த ருடால்ஃப் ஆக்கர்மன். காப்புரிமை 1818இல் ஆக்கர்மன் பெயரில் பதிவானது. இன்றுவரை உலகம் முழுவதும் பொறியியல் மாணவர்கள் படிப்பது "ஆக்கர்மன் ஸ்டீயரிங்" என்றுதான். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் ஏஜெண்டுக்கு. வணிகச் சட்ட வகுப்பில் முதல்வருக்கும் முகவருக்கும் உள்ள உறவைப் படித்தபோது எனக்கு லாங்கன்ஸ்பெர்கர் ஞாபகம்தான் வந்தது.

குதிரை போனது, கை வந்தது

குதிரை வண்டிக்காரர்கள் இந்தப் புது முறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது அவசரத் தேவையாக இல்லை. குதிரை இல்லாத வண்டி வந்தபோதுதான் நிலைமை மாறியது. இப்போது சக்கரத்தைத் திருப்ப வேண்டியது மனிதனின் கை. ஒவ்வொரு கல்லிலும் முழு அச்சும் திமிறினால் எந்தக் கையும் தாங்காது. தனித்தனி முளையில் திரும்பும் சக்கரத்துக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் முளை சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெம்புகோல் நீளம் சில அங்குலம்தான்.

பிரான்சில் அமேடே போலே 1873இல் கட்டிய நீராவி வண்டியில் முன் சக்கரங்கள் இப்படித் தனித்தனியாகத் திரும்பின. அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயருக்கு "சொன்னபடி கேட்பவள்" என்று பொருள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

அதே பிரான்சில் 1878இல் ஷார்ல் ஜான்டோ உள் சக்கரம் கூடுதலாகவும் வெளிச் சக்கரம் குறைவாகவும் திரும்ப ஓர் எளிய வடிவத்தைக் காட்டினார். இரண்டு முன் சக்கரங்களின் முளைகளிலிருந்தும் பின்னோக்கி ஒவ்வொரு கை. அந்தக் கைகளின் நுனிகளை இணைக்க ஒரு குறுக்குத் தண்டு. கைகள் நேராக இருந்தால் அது செவ்வகம், இரண்டு சக்கரமும் ஒரே கோணம்தான் திரும்பும். கைகளைச் சற்று உள்நோக்கிச் சாய்த்தால் அது சரிவகம் ஆகிவிடுகிறது. அப்போது உள் சக்கரம் தானாகவே அதிகம் திரும்பும். சாய்வு எவ்வளவு? இரண்டு கைகளையும் கோடாக நீட்டினால் பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். நூற்றுக்கு நூறு துல்லியம் இல்லை, ஆனால் ஓட்டுவதற்குப் போதும். எட்டாம் வகுப்பில் நாம் திட்டிக்கொண்டே படித்த சரிவகம்தான் காரைத் திருப்புகிறது!

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய உலகப் புகழ்பெற்ற மோட்டார் வண்டிக்கு ஏன் மூன்றே சக்கரம் தெரியுமா? நான்கு சக்கரத்தைச் சரியாகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது கைகூடவில்லை. முன்னால் ஒரே சக்கரம் என்றால் சிக்கலே இல்லை, நம் ஆட்டோ மாதிரி. 1893இல் இரட்டை முளை ஸ்டீயரிங்குக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் அவருடைய நான்கு சக்கர விக்டோரியா வந்தது.

வட்டமான ஸ்டீயரிங் வீலும் உடனே வந்துவிடவில்லை. ஆரம்பக் கார்களில் படகின் சுக்கான் போல ஒரு கைப்பிடிதான். 1894இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வஷரோன் தன் பனார் காரில் வட்டச் சக்கரம் மாட்டி ஓட்டினார். பிறகு எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

காருக்குள் நடப்பது

நீங்கள் ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறீர்கள். அதோடு ஒரு தண்டு சுற்றுகிறது. தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதுதான் பினியன். அது பற்கள் வெட்டிய நீளமான கம்பி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது ரேக். பினியன் சுற்றினால் ரேக் இடமோ வலமோ நகரும். ரேக்கின் இரு முனைகளிலும் டை ராடு. அதன் கடைசியில் பந்து போன்ற மூட்டு, பால் ஜாயிண்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி எல்லாப் பக்கமும் அசையும். அது சக்கரத்தின் கையைத் தள்ளும் அல்லது இழுக்கும். சக்கரம் திரும்புகிறது. அவ்வளவுதான்.

கை பலம் எப்படிப் போதுமாகிறது? ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மூன்றரைச் சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அது 1260 பாகை. அதற்குள் சாலைச் சக்கரம் மொத்தம் 70 பாகை திரும்புகிறது. 18க்கு 1. அதாவது கை அதிகத் தூரம் சுற்றுகிறது, அதற்குப் பதிலாக விசை பல மடங்காகிறது. செலவும் வரவும் சரிக்குச் சரி, ஐந்தொகை மாதிரி!

லாரி, பஸ் போன்றவற்றுக்கு ரேக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ். திருகு போன்ற ஒரு தண்டு, அதன் பள்ளங்களில் உருளும் இரும்புக் குண்டுகள். எடை அதிகமான வண்டிக்கு அது தாங்கும்.

திரும்பி முடித்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறதே, அதே தந்திரம்தான். திரும்பும் அச்சு சற்றுப் பின்சாய்வாக இருப்பதால், சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்த அச்சுக் கோட்டுக்குப் பின்னால் விழுகிறது. வண்டி ஓடும்போது அது தானாக நேர் திசைக்கு இழுபடும்.

1951இல் கிரைஸ்லர் நிறுவனம் பவர் ஸ்டீயரிங்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. இப்போது சின்ன கார்களிலும் மின் மோட்டார் உதவுகிறது. ஆனாலும் நம் சாலைகளில் ஓடும் கார்களில் அடியில் இருப்பது அதே தண்டு, அதே ரேக், அதே டை ராடுதான். மோட்டார் நின்றாலும் கனமாகவாவது திருப்ப முடிவது அதனால்தான்.

நம் பக்கத்துக் கதை

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1903இல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி நகரத் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் இருந்தது ரேக்-பினியன். அதன் மூல வண்டியான இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடிக்கும் என்று பெயர் வாங்கியது. 2014 வரை தயாரான அம்பாசடரிலும் ரேக்-பினியன்தான். 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரானே (மெட்ராஸ்) நிறுவனம் டை ராடு எண்டும் ஸ்டீயரிங் கியரும் செய்து வண்டிக் கம்பெனிகளுக்கு அனுப்பி வருகிறது. ஸ்டீயரிங் இல்லாத தேர் ஓடும் தமிழ்நாட்டிலிருந்துதான் ஊர் ஊராக ஸ்டீயரிங் போகிறது.

மறுபடி அந்த மூலைக்கு

இவ்வளவும் படித்த பிறகு அடுத்த தேருக்குப் போனபோது நான் கலசத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். கட்டை போடுபவரின் கை சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. மேலே கண் வைத்து யாரோ குரல் கொடுக்க, கீழே இவர் கட்டையை வைக்கிறார், எடுக்கிறார், அடுத்த அடிக்கு நகர்கிறார். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர் தெரியவே மாட்டார். காரில் டை ராடு எண்டில் இருக்கும் அந்தச் சின்னப் பந்து செய்யும் வேலையை இங்கே ஒரு மனிதர் செய்கிறார். பந்து தேய்ந்தால் கடையில் புதிது வாங்கலாம்.

திருப்பம் என்பது எப்போதுமே ஆபத்தான இடம். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், தேரைத் திருப்பும் வேளையில் மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு கையால் ஸ்டீயரிங் சுற்றும் நமக்கு, ஒரு வண்டியைத் திருப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்பது மறந்துபோய்விட்டது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, வீட்டில் கார் இருந்தால் ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரிகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா, முன் டயர் ஓரம் மட்டும் தேய்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இரண்டு, தேர் மூலைக்கு வரும்போது முண்டியடிக்காமல் நாலு அடி தள்ளி நில்லுங்கள். கட்டை போடுபவர் குனியவும் நிமிரவும் இடம் வேண்டும்.

என் நண்பனுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். "தேருக்கு ஸ்டீயரிங் இருக்குடா. நாம மேலயே பார்த்துட்டு இருந்தோம், அது கீழ குனிஞ்சு நடந்து போயிட்டு இருந்துச்சு."